பிடிபடாமல் ஆங்கிலம்: லி, நெஸ், அர் கையேடு

இந்தக் கையேடு ஆங்கிலம் கற்றுத் தராது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கற்றுத் தர முப்பது நாள் புத்தகங்கள் இருக்கின்றன. மாடிப்படி ஓரமாக போர்டு மாட்டிய ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் இருக்கின்றன. கைப்பேசியில் ஒரு பச்சை ஆந்தை தினமும் வந்து, இன்றைக்குப் பாடம் படிக்கவில்லையே என்று மூக்கைச் சிந்துகிறது. அதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, இன்னமும் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கத் தயங்குகிறவர்களுக்கானது இது. நோக்கம் ஒன்றுதான்: பிடிபடாமல் இருப்பது.

அட்ஜெக்டிவ் வரைக்கும் யாரும் பிடிபடுவதில்லை. குட், பேட், ஹேப்பி, ஸ்ட்ராங், பிக், ஸ்லோ என்று எல்.கே.ஜி. பிள்ளையே கடகடவென்று ஒப்பித்துவிடும். அந்தச் சொல்லுக்கு ஒரு வால் ஒட்டவேண்டி வரும்போதுதான் நாக்கு தடுமாறுகிறது. எப்படிச் செய்தான் என்று சொல்ல ஒரு வால், அந்தக் குணத்துக்கே பெயர் வைக்க ஒரு வால், இன்னொன்றோடு ஒப்பிட ஒரு வால். லி, நெஸ், அர். மூன்றே மூன்றுதான். மூன்றில் ஒன்றாவது எல்லாச் சொல்லிலும் ஒழுங்காக ஒட்டும் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

விதி வேண்டும் என்பவர்களுக்கு ரென் அண்ட் மார்ட்டின் இருக்கிறது. 1930களில் இந்தியப் பள்ளிகளுக்குள் நுழைந்து, இன்றும் புத்தகக் கடைகளில் அடுக்கடுக்காக நிற்கும் இலக்கணம். அந்த பி.சி. ரென் நாவலாசிரியரும்கூட. 1924இல் அவர் எழுதிய 'பூ ஜெஸ்ட்' நாவலில் சகாரா பாலைவனத்தில் ஒரு கோட்டை வரும். உள்ளே சிப்பாய்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருப்பார்கள். செத்தவர்களைத் தூக்கி நிறுத்தி, கையில் துப்பாக்கியைக் கொடுத்து, சுவர் இடுக்குகளில் சாய்த்துவைத்து, கோட்டை நிறைய ஆள் இருப்பதாக எதிரிக்குக் காட்டுவார்கள். இலக்கணம் எழுத இதைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பார்? லி, நெஸ், அர் பற்றிய விதிகளும் அப்படித்தான் வரிசையாக, விறைப்பாக நிற்கின்றன. கிட்டே போய்த் தொடாதவரை எல்லாம் உயிரோடிருப்பதாகவே தெரியும்.

முதல் வால்: லி

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் முதன்முதலாக எழுதும் அட்வெர்ப் லீவு லெட்டரின் கடைசி வரியில் இருக்கிறது. ஹெட்மாஸ்டருக்கு யுவர்ஸ் ஒபீடியன்ட்லி, பேங்க் மேனேஜருக்கு யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி, ஊரிலிருக்கும் மாமாவுக்கு யுவர்ஸ் லவிங்லி. என்ன பொருள் என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை. எழுத்துக்கூட்டல் தப்பினால் மட்டும் அரை மதிப்பெண் போகும்.

அந்தக் கடைசி வரியிலேயே லியின் சில்லறைத் தொல்லைகள் பாதி தெரிந்துவிடும். ஃபெய்த்ஃபுல்லில் ஏற்கெனவே ஓர் எல் உண்டு. எல்-வை வந்து சேர்ந்தால் இரண்டு எல். சின்சியர்லியில் நடுவிலிருக்கும் இ அசையாமல் உட்கார்ந்திருக்கும். ட்ரூலியில் அதே இ எழுந்து போய்விடும். டியூவும் ட்ரூவைப் பார்த்துத் தன் இ-யை அனுப்பிவிட்டு டியூலி ஆகிறது. ஹேப்பியின் வை, ஐ-யாக மாறி ஹேப்பிலி. பேசிக்குக்கு வெறும் லி போதாது, நடுவில் ஏ-எல் செருகி பேசிக்கலி என்று எழுதவேண்டும். ஆனால் பப்ளிக்குக்கு மட்டும் சலுகை, ஏ-எல் இல்லாமலே பப்ளிக்லி. கையால் எழுதுகிறவர்களுக்கு நம் அறிவுரை: இந்த இடங்கள் வரும்போது எழுத்துகளை ஒன்றோடொன்று இழுத்துக் கோத்துவிடுங்கள். ஓர் எல்லா, இரண்டு எல்லா என்பது படிக்கிறவரின் நல்ல மனதைப் பொறுத்ததாகிவிடும்.

எழுத்தைவிடப் பேச்சில்தான் ஆபத்து. வேலைக்கான இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பழைய கம்பெனியில் எப்படி உழைத்தீர்கள் என்ற கேள்வி வருகிறது. ஹார்ட் என்றால் கடினம், லி போட்டால் கடினமாக. கணக்கு கச்சிதம். "ஐ வொர்க்ட் ஹார்ட்லி, சார்" என்கிறீர்கள். எதிரே மூன்று பேரில் நடுவில் இருப்பவர் பேனாவை மூடுகிறார். ஹார்ட்லி என்றால் அரிதாக, அனேகமாக இல்லை என்று பொருள். வேலையே பார்க்கவில்லை என்று நீங்களாகவே முன்வந்து வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்கள். தாமதமாக வந்ததைச் சொல்ல லேட்லி போட்டால் சமீபகாலமாக என்றாகும். பக்கத்தில் நின்றதைச் சொல்ல நியர்லி போட்டால் கிட்டத்தட்ட நின்றீர்கள், ஆனால் நிற்கவில்லை. ஹார்ட், லேட், ஃபாஸ்ட் எல்லாம் எந்த வாலும் இல்லாமலே அட்வெர்ப் வேலையும் பார்க்கும். அவற்றின்மேல் கை வைக்காதீர்கள்.

இது ஏன் என்று கேட்டால் ஆயிரம் வருடம் பின்னால் போகவேண்டும். பழைய ஆங்கிலத்தில் ஹார்டுக்கும் ஒரு வால் இருந்தது, சொல்லின் கடைசியில் எ என்று லேசாக ஒலிக்கும் ஓர் உயிர். அதைப் போட்டால் அட்வெர்ப், போடாவிட்டால் அட்ஜெக்டிவ். அந்த ஊர்க்காரர்கள் காலப்போக்கில் கடைசி உயிர்களையெல்லாம் விழுங்கிவிட்டார்கள். வால் போனதும் இரண்டுக்கும் ஒரே முகம். லி வந்த வழி வேறு. உடல் என்று பொருள்படும் லீக் என்ற பழைய சொல்லின் தேய்ந்த மிச்சம் அது. இங்கிலாந்தில் தேவாலயத்துச் சுற்றுச்சுவரில் சவப்பெட்டியை இறக்கிவைக்கும் வாசலுக்கு லிச் கேட் என்று பெயர். அதே சொல்தான். ஆக, நீங்கள் குவிக்லி என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிணத்தைப் பின்னால் கட்டி இழுத்துப் போகிறீர்கள்.

அதே லீக்தான் ஃப்ரெண்ட்லியிலும் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது அட்ஜெக்டிவ். நண்பனின் வாகு உள்ளது ஃப்ரெண்ட்லி. நட்பாகப் பேசினான் என்று சொல்ல அதன்மேல் இன்னொரு லி போட்டு ஃப்ரெண்ட்லிலி என்றால், தடித்த அகராதியில் தேடிப் பிடித்து நிரூபிக்கலாம், மனிதர் முன்னால் சொல்ல முடியாது. லவ்லி, லோன்லி, காஸ்ட்லி, கல்யாண விளம்பரத்தில் வரும் ஹோம்லி எல்லாம் இந்தக் குடும்பம். (ஹோம்லி பற்றி ஒரு எச்சரிக்கை. குடும்பப்பாங்கான பெண் என்று நாம் போடும் விளம்பரத்தை அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த மாப்பிள்ளை படித்தால், பெண் பார்க்கச் சுமார் என்று பெற்றவர்களே ஒப்புக்கொள்வதாக எடுத்துக்கொள்வார்.) இவர்களை அடையாளம் காண வாலை வெட்டிப் பாருங்கள். மிச்சம் பெயர்ச்சொல்லாக இருந்தால் அது அட்ஜெக்டிவ்: ஃப்ரெண்ட், காஸ்ட், ஹோம். மிச்சம் அட்ஜெக்டிவாக இருந்தால் அது அட்வெர்ப்: குவிக், ஸ்லோ, ட்ரூ. அருமையான விதி. டெட்லி வந்து கெடுக்கும்வரை நம்பலாம்.

குட் என்பதற்கு குட்லி கிடையாது, வெல்தான். டிஃபிகல்ட் இன்னும் மோசம். டிஃபிகல்ட்லி என்று ஒருவரும் சொல்வதில்லை, வித் டிஃபிகல்ட்டி என்று சுற்றிப் போகவேண்டும். சந்தேகம் வந்தால் 'இன் எ' என்று தொடங்கி, அட்ஜெக்டிவை அப்படியே உள்ளே வைத்து, 'வே' என்று மூடிவிடுங்கள். இன் எ ஃப்ரெண்ட்லி வே. ஆபீஸ் கடிதமாக இருந்தால் வேக்குப் பதில் மேனர். அர்த்தம் மாறாது, கோப்பு மட்டும் கொஞ்சம் கனமாகும்.

உண்மையில் இதைவிட நல்ல வழியை நம் ஊர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. ஃபாஸ்ட்டா வா. ஃப்ரெண்ட்லியா பேசினார். கேள்வி டிஃபிகல்ட்டா இருந்துச்சு. லைட்டா ஒரு காபி. ஃபாஸ்ட், ஃப்ரெண்ட்லி, டிஃபிகல்ட் மூன்றும் மூன்று வெவ்வேறு காரணங்களுக்காக லியை உள்ளே விடாதவை. ஆக என்பது தேய்ந்து ஆ ஆன நம் வால் மூன்றிலும் கேள்வி கேட்காமல் ஒட்டுகிறது. எழுத்து மாறாது, இ போகாது, ஏ-எல் செருக வேண்டாம், விதிவிலக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஆக்சுவலா, பேசிக்கா, சீரியஸா, கேஷுவலா என்று இங்கிலீஷ் மீடியம் படித்தவர்களும் பேசுவது இந்த வாலை வைத்துத்தான். முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொல்லவேண்டிய கட்டாயம் வராதவரை இதைவிட்டு வெளியே வராதீர்கள்.

வெள்ளைக்காரர்கள் லியைச் சரியாகப் போடுகிறார்களா என்று கேட்பவர்களுக்கு: 1762இல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் ஓர் இலக்கணம் எழுதி, லி போடவேண்டிய இடத்தில் போடாமல் விட்டவர்கள் என்று ஷேக்ஸ்பியரையும் டிரைடனையும் பெயர் சொல்லிக் கண்டித்தார். அவர்கள் இருவரும் அதற்குள் செத்துப்போயிருந்ததால் திருத்திக்கொள்ளவில்லை. 1997இல் ஆப்பிள் கம்பெனி 'திங்க் டிஃபரன்ட்' என்று விளம்பரம் செய்தது. லி எங்கே என்று கேட்ட இங்கிலீஷ் வாத்தியார்களும் பிற்பாடு அதே கம்பெனியின் போனைத்தான் வாங்கினார்கள்.

இரண்டாம் வால்: நெஸ்ஸும் அதன் பங்காளிகளும்

"ஹீ இஸ் வெரி ஹைட்" என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கவும். வெட்கப்படவேண்டாம். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் உருப்படியான தமிழ் மூளை ஒன்று வேலை செய்திருக்கிறது. நமக்கு உயரம்தான் முதலில். அதிலிருந்து உயரமான, உயரமாக. அழகு இருந்தால்தான் அழகான, அழகாக. பெயரைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைச் செய்கிறோம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் வண்டி எதிர்த்திசையில் ஓடுகிறது, அட்ஜெக்டிவைக் கொடுத்துவிட்டுப் பெயரைச் செய்துகொள் என்கிறார்கள். நாம் நம் பழக்கப்படி நேராக அவர்கள் பெயரையே எடுத்துக்கொண்டோம். பையன் நல்ல ஹைட்டு. பெட்டி செம வெயிட்டு. கொஞ்சம் ஹைட்டா ஒரு ஸ்டூல் இருந்தா கொடு. ஹெவியும் டாலும் நம் தெருவுக்குள் அவ்வளவாக வராததற்குக் காரணம் இதுதான்.

பெயர் செய்யவேண்டிய கட்டாயம் வந்தால் நெஸ்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். மண்ணின் மைந்தன், பழைய ஆங்கிலத்தில் இருந்தே இருக்கிறது, எதிலும் ஒட்டும், ஒட்டிய சொல்லை உருக்குலைக்காது. டார்க்னெஸ், ஹேப்பினெஸ், பரீட்சைப் பேப்பரில் ஐந்து மதிப்பெண் வாங்கித் தந்த நீட்னெஸ். அதுவும் ஒரே ஓர் இடத்தில் காலை வாரியது. பிஸியோடு நெஸ் சேர்ந்து பிஸினஸ் ஆனது, ஆன கையோடு கடை வைத்து, கணக்கு எழுதி, சம்பாதித்து, பழைய வேலையை மறந்தேவிட்டது. பிஸியாக இருக்கும் நிலைக்குப் பெயர் இல்லாமல் போனதால், வை-யை ஐ-யாக மாற்றாமல் பிஸினெஸ் என்று இரண்டாவதாக ஒன்றைச் செய்யவேண்டி வந்தது.

நெஸ்ஸுக்கும் மூத்த பங்காளி ஒன்று உண்டு. டி-எச். லாங் லென்த் ஆகும், ஸ்ட்ராங் ஸ்ட்ரென்த் ஆகும், வைட் வித் ஆகும், டீப் டெப்த் ஆகும். ஒட்டியது கடைசியில், மாறியது நடுவயிறு. இந்த வாலின் பழைய வடிவத்தில் ஓர் இ ஒலியின் சாயல் இருந்தது. பல சொற்களில் அது முன்னாலிருக்கும் உயிரைத் தன் பக்கம் இழுத்து வளைத்துவிட்டுத் தான் மறைந்துபோனது. வளைத்தது வளைத்ததுதான். சில குடும்பங்களில் பெற்றவரையும் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தினால்கூட ஜாடை தெரியாது. ஸ்லோவின் பிள்ளை ஸ்லாத், சோம்பல். ஃபவுலின் பிள்ளை ஃபில்த், அழுக்கு. ஹோல் என்றால் முழுமை, அதன் பிள்ளை ஹெல்த். மெர்ரியின் பிள்ளை மெர்த். விலை அதிகம் என்று பொருள்படும் டியரின் பிள்ளை டெர்த், பஞ்சம். இதுதான் இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது. தக்காளி விலை ஏறிய வாரத்தில் காய்கறிக் கடைக்குப் போனவர்களுக்கு இந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்று விளக்கவேண்டியதில்லை. ஹைக்கு ஹைட். அங்கே டி-எச்சில் எச் கழன்று விழுந்து டி மட்டும் நிற்கிறது. மில்டன் டி-எச் போட்டுத்தான் எழுதினார். இப்போதும் ஆங்கிலேயர்களிலேயே சிலர் ஹைத் என்று சொல்லி அவர்கள் ஊர் வாத்தியாரிடம் திட்டு வாங்குகிறார்கள்.

இந்தத் தொழிற்சாலை மூடிப் பல நூற்றாண்டாகிறது. புதிதாக நீங்கள் டி-எச் போட்டு எதையும் செய்யமுடியாது. பிக்குக்கு பிக்த் என்று முயற்சி செய்யாதீர்கள்.

அடுத்தது இட்டி. 1066இல் நார்மன்கள் கடல் தாண்டி வந்ததற்குப் பிறகு பிரெஞ்சு வழியாக நுழைந்த வசதியான வால். வந்த இடத்தில் எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிவைக்கும். எலக்ட்ரிக்கின் க் ஒலியை ஸ் ஆக்கி எலக்ட்ரிசிட்டி. டிவைனின் ஐ ஒலியைச் சுருக்கி டிவினிட்டி. சேனின் ஏ-யைச் சுருக்கி சானிட்டி. கூடவே அழுத்தமும் இடம் மாறும். பப்ளிக்கில் தலையில் இருந்த அழுத்தம் பப்ளிசிட்டியில் நடுவுக்கு நகரும். இங்கே நமக்கு ஓர் ஆறுதல். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நாம் எல்லா அசையையும் சரிசமமாக மிதித்துக்கொண்டு போவோம். தவறு நடந்தது எந்த அசையில் என்று கேட்பவராலும் சொல்லமுடியாது.

க்யூரியஸ் க்யூரியாசிட்டி ஆகிறது, ஜெனரஸ் ஜெனராசிட்டி ஆகிறது. அப்படியானால் ஃபேமஸ் ஃபேமாசிட்டியா, ஃப்யூரியஸ் ஃப்யூரியாசிட்டியா, க்ளோரியஸ் க்ளோரியாசிட்டியா? இல்லை. காரணத்தை 1976இல் மார்க் அரோனாஃப் என்ற மொழியியலாளர் எழுதிவைத்தார். பஸ் சீட்டில் ஏற்கெனவே துண்டு போட்டிருக்கிறது. ஃபேம், ஃப்யூரி, க்ளோரி என்று அந்தந்தப் பொருளுக்கான சீட்டில் முன்பே ஒரு பெயர் உட்கார்ந்துவிட்டதால் இட்டி போட்டவர் ஏறமுடியாது. க்யூரியஸுக்கு அப்படி யாரும் துண்டு போடவில்லை. நெஸ் மட்டும் துண்டைப் பொருட்படுத்தாது, இடித்துக்கொண்டு உட்காரும். க்ளோரியஸ்னெஸ் என்று தாராளமாகச் சொல்லலாம். எனவே எது வரும் என்று தெரியாத இடத்தில் நெஸ்ஸைப் போட்டுவிட்டு, கேட்பவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்த வாக்கியத்துக்கு நகர்ந்துவிடுங்கள். கேட்பவருக்கு உறுத்தலாம், இலக்கணப்படி கைது செய்யமுடியாது.

ஃப்ரீக்கு ஃப்ரீடம், வைஸுக்கு விஸ்டம், ப்ரவுடுக்கு ப்ரைட், ஹாட்டுக்கு ஹீட், ப்ரேவுக்கு ப்ரேவரி, புவருக்கு பாவர்ட்டி, அர்ஜென்ட்டுக்கு அர்ஜென்சி. இவற்றுக்கு வழி சொல்லித்தர முடியாது. மனப்பாடம்தான்.

ஆனால் நாற்காலி பெரிதாக இருந்தால் தவறான வாலும் செல்லுபடியாகும். 1920 அமெரிக்கத் தேர்தலில் வாரன் ஹார்டிங், நார்மலுக்கு நார்மாலிட்டி என்று சொல்லாமல் நார்மல்சி என்றார். அச்சொல் அதற்கு முன்பே அங்குமிங்கும் இருந்ததுதான், ஆனால் புழக்கத்தில் இல்லை. பத்திரிகைகள் கிண்டலடித்தன. அவர் ஜெயித்தார். சொல்லும் ஜெயித்தது. இன்று நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளில் பந்த், மழை, கலவரம் எது முடிந்தாலும் ஊருக்குத் திரும்புவது அந்த நார்மல்சிதான். 2005இல் ஸ்டீபன் கோல்பேர் என்ற நகைச்சுவைக்காரர் ட்ரூத் இருக்கும்போதே, அது போதாதென்று ட்ரூத்தினெஸ் என்று தொலைக்காட்சியில் சொன்னார். அடுத்த ஆண்டு மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரர்கள் அதை ஆண்டின் சொல்லாகவே அறிவித்தார்கள். அதையே நீங்களோ நானோ பத்தாம் வகுப்பு விடைத்தாளில் எழுதியிருந்தால் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

மூன்றாம் வால்: அர்

தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் டிகிரிஸ் ஆஃப் கம்பாரிசன் என்ற சொல்லைக் கேட்டால் ராமு ஞாபகம் வருவான். ராமு இஸ் தி டாலஸ்ட் பாய் இன் தி கிளாஸ். இதைக் கம்பேரட்டிவாக மாற்றுக: ராமு இஸ் டாலர் தேன் எனி அதர் பாய். இதைப் பாசிட்டிவாக மாற்றுக: நோ அதர் பாய் இன் தி கிளாஸ் இஸ் ஆஸ் டால் ஆஸ் ராமு. பாசிட்டிவ் என்று பெயர், ஆரம்பமே நோ. 'ஒன் ஆஃப் தி' என்று வந்துவிட்டால் ஒரு பெரிய மாற்றம்: நோ அதர் போய் வெரி ஃபியூ வரும், எனி அதர் போய் மோஸ்ட் அதர் வரும். இந்த வாய்ப்பாட்டை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு உருப்போட்டு, முழு மதிப்பெண் வாங்கி, அதன்பிறகு ஆயுள் முழுக்க ஒரே ஒரு தடவைகூட அந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்லாத லட்சக்கணக்கானவர்களில் நீங்களும் ஒருவர். எந்த அப்பாவும் வீட்டுக்கு வந்து, நம் தெருவில் வேறெந்தப் பையனும் நம் பையன் அளவுக்குச் சோம்பேறி இல்லை என்று மூன்று டிகிரியிலும் மாற்றிச் சொல்லிப் பார்ப்பதில்லை.

நமக்கு ஏன் இது இவ்வளவு கஷ்டம் என்பதற்கு இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் சாட்சி. 1856இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்கு ஆங்கிலத்தில் கம்பேரட்டிவ் கிராமர் என்று பெயர். அந்தக் கம்பேரட்டிவ் கிராமருக்குள்ளேயே, இந்த மொழிகளில் அட்ஜெக்டிவோடு ஒட்டும் கம்பேரட்டிவ் வால் கிடையாது என்று எழுதியிருக்கிறார். சரிதான். நமக்கு விட போதும். அவனைவிட உயரம், எல்லாரையும்விட உயரம். உயரம் அப்படியே இருக்கும், ஒப்பிடும் வேலையை அடுத்த ஆள் தலையில் கட்டுவோம். (லௌத் இலக்கணம் எழுதி நாலு வருடத்தில் பிஷப் ஆனார். கால்டுவெல் எழுதி இருபத்தொரு வருடம் கழித்து, 1877இல் ஆனார். பதவி உயர்வு வேண்டுபவர்கள் கவனிக்கவும்.)

இருந்தாலும் அர் போடுவதில் ஒரு பகுதி நமக்குப் பிறந்த வீட்டுச் சொத்து. பிக் பிக்கர் ஆகும்போது ஜி ஏன் இரட்டிக்கிறது, சீப் சீப்பர் ஆகும்போது பி ஏன் இரட்டிக்கவில்லை என்று உலகெங்கும் பிள்ளைகள் திணறுகிறார்கள். நன்னூல் படித்தவனுக்கு இது தெரிந்த கதை. கல்லோடு எறி சேர்ந்தால் கல்லெறி, காலோடு அடி சேர்ந்தால் காலடி. தனிக்குறிலுக்குப் பின்னால் நிற்கும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டும். நெடிலுக்குப் பின்னால் இரட்டாது. பிக், ஹாட், தின், ஃபேட் எல்லாம் கல். சீப், டீப், கிரேட் எல்லாம் கால். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் ஆங்கிலம் படித்தவரில்லை, ஆனால் இந்த ஒரு கேள்விக்கு அவரை நம்பிப் பதில் எழுதலாம். நாம் இரட்டிப்பதை உச்சரிக்கிறோம், அவர்கள் எழுத்தில் மட்டும் இரட்டித்துவிட்டு வாயில் ஒற்றையாகவே விழுங்குவார்கள் என்பதுதான் வித்தியாசம்.

சீனியர், ஜூனியர் இன்னொரு சொத்து. இவை லத்தீன் வீட்டுக் கம்பேரட்டிவ்கள். அதனால் தேன் பிடிக்காது, டு வேண்டும். சீனியர் டு மீ. இங்கே ஆங்கிலேயப் பிள்ளைகளே தடுக்கி விழலாம். நாமோ ஆபீஸில் தினமும் அவர் எனக்கு சீனியர் என்றுதான் சொல்கிறோம். என்னைவிட சீனியர் என்று சொல்பவர் குறைவு. அந்தக் கு-வை அப்படியே டு ஆக்கினால் வேலை முடிந்தது.

எத்தனை அசை வரை அர், எதிலிருந்து மோர் என்பதற்கு ஒரு விதி உண்டு. ஓரசைக்கு அர். மூன்றசைக்கு மோர். இரண்டசையில் வை-யில் முடிந்தால் அர், ஹேப்பியர். மற்ற இரண்டசைக்காரர்கள் அன்றைய மனநிலையைப் பொறுத்து இரண்டு பக்கமும் சாய்வார்கள். க்ளெவரர், மோர் க்ளெவர், இரண்டுக்கும் ஆள் உண்டு. அன்ஹேப்பிக்கு மூன்று அசை, ஆனாலும் அன்ஹேப்பியர் சரி. சந்தேகமிருந்தால் மோர் போடுங்கள். மோர் போட்டு ஜெயிலுக்குப் போனவர் இல்லை.

ஆனால் மோரும் போட்டு அரும் போடாதீர்கள். மோர் பெட்டர் நம் ஊர்த் தேசியத் தவறு. அதுவும் இன்னும் பெட்டரா என்ற நம் வழக்கத்திலிருந்து வருவதுதான். இன்னும் என்பதை மோர் என்று மொழிபெயர்க்கிறோம், அவர்கள் அங்கே ஈவன் கேட்கிறார்கள். இதைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பவரிடம் நியரர் சரியா என்று கேளுங்கள். சரி என்பார். நை, நியர், நெக்ஸ்ட் என்பதுதான் பழைய வரிசை. நியரே ஒரு கம்பேரட்டிவ், அதற்கு மேல் இன்னொரு அர் ஒட்டி நியரர் ஆக்கியது அவர்கள்தான். லெஸ்ஸுக்கு மேல் அர் போட்டு லெஸ்ஸர் செய்ததும் அவர்கள்தான்.

உச்சரிப்பில் ஒரே ஒரு குறிப்பு. லாங்கர், ஸ்ட்ராங்கர், யங்கர் மூன்றிலும் ஜி ஒலி தெளிவாக வரவேண்டும். சிங்கரில் வரக்கூடாது. நாம் ங்க என்று எழுதிவிட்டால் எல்லாவற்றிலும் வரவைத்துவிடுவோம். முதல் மூன்றில் நம்மை யாரும் பிடிக்கமுடியாது. பாட்டுப் பாடுகிறவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் ப்ளேபேக் ஆர்ட்டிஸ்ட் என்று மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம்.

பிடிபட்டுவிட்டால்

எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒருநாள் யாராவது பிடிப்பார்கள். அது வெள்ளைக்காரராக இருக்காது. நம்மைவிட இரண்டு வருடம் முன்னால் அதே ரென் அண்ட் மார்ட்டினைப் படித்த சொந்தக்காரராக இருக்கும். பதறாதீர்கள். முன்னுதாரணத்தைக் கையில் வைத்திருங்கள்.

மோர் பெட்டருக்குப் பிடித்தால் ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தின் முதல் அங்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே அதே இரண்டு சொல் அதே வரிசையில் இருக்கிறது. மோஸ்டும் எஸ்டும் சேர்த்துப் போட்டுவிட்டால் 'ஜூலியஸ் சீசர்', ஆன்டனியின் உரை. பெர்ஃபெக்டுக்கு மேல் மோர் எப்படி வரும் என்று கேட்டால் 1787ஆம் வருடத்து அமெரிக்க அரசியல் சாசனத்தின் முகப்புரை. க்யூரியஸுக்கு அர் போட்டுவிட்டால் 1865இல் வந்த ஆலிஸ். (அவள் திகைப்பில் நல்ல ஆங்கிலத்தை மறந்துவிட்டாள் என்று லூயிஸ் கரோல் அங்கேயே ஒரு வரி சேர்த்திருப்பதைச் சொல்லவேண்டாம்.) லி விட்டுப்போனால் ஆப்பிள். பெயர்ச்சொல் தப்பானால் ஹார்டிங், குடியரசுத் தலைவர் என்று அழுத்திச் சொல்லவும்.

இந்த ஆதாரங்கள் எதுவும் பொதுத்தேர்வில் செல்லாது. விடைத்தாள் திருத்துகிறவருக்கு ஆன்டனியும் தெரியாது, ஹார்டிங்கும் தெரியாது. அவர் கையில் இருப்பது விடைக்குறிப்பு மட்டும். அங்கே போனால் நோ அதர் என்று ஆரம்பித்து, இரண்டு ஆஸ் போட்டு, ராமுவின் பெயரில் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.